புறங்கையில் ஊதா

மூன்று வாரமாக அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டையம்மா மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மொட்டையம்மா என்றதும் உறவுக்காரக் கிழவி யாரோ என்று நினைத்துவிட வேண்டாம். அது கழுத்தோடு நின்றுவிட்ட ஒரு பிளாஸ்டிக் தலை. விக் மாட்டி வைக்க வாங்கியது. விக்குகள் ஒவ்வொன்றாக வீணாய்ப் போக, வெறுந்தலையோடு மிஞ்சி நின்றது.

"மொட்டையம்மா, பொண்ணு வந்து உக்காந்தாச்சு, முகத்தை ஆரம்பிக்கலாம்னு சொல்லு" என்பார் போட்டோக்காரர், லென்ஸைத் துடைத்தபடி.

"மொட்டையம்மா, ஃபேனை நிறுத்தினாத்தான் ஆரம்பிக்க முடியும், இல்லன்னா பவுடர் பறக்கும்னு காலைலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்னு சொல்லு" என்பாள் மனைவி, தூரிகைகளை வரிசையாக அடுக்கியபடி.

மொட்டையம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும். அந்த வீட்டில் அதற்கு இருந்த பொறுமை வேறு யாருக்கும் இல்லை.

கீழ்த்தளம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்தது. இப்போது அதில்தான் படம் எடுக்கும் வேலை. ஒரு சுவர் முழுக்கத் தரைவரை தொங்கும் கறுப்புத் திரை, எதிரே குடை விளக்குகள், ஜன்னலோரம் பல்புகள் சுற்றிய கண்ணாடி, அதன் முன்னால் உயரமான நாற்காலி. அழகுச் சாமான் விற்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இங்கேதான் படம் எடுப்பார்கள். அவர் படம் எடுப்பார், அவள் முகம் போடுவாள். கல்யாணப் பெண்ணுக்குப் போடும் மேக்கப் இல்லை இது. ஒரு நாள் ஒருத்தியின் கன்னத்தில் காய்ந்த இதழ்களை ஒட்டுவாள், இன்னொரு நாள் இமை மேல் மழைத்துளி நிற்க வைப்பாள். துளி ஒழுகாமல் நிற்பதற்குக் கிளிசரின். தெருவில் எல்லோரும் அவளை மேக்கப்காரம்மா என்பார்கள். அந்த மேக்கப்காரம்மாவின் சொந்த முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இருந்து யாரும் பார்த்ததில்லை.

மாடியில் குடித்தனம். சமையலும் தையல் மெஷினும் போட்டோக்காரரின் அக்கா கையில். இளம் வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். திரைத்துணியும் மாடல்களின் உடுப்பும் அவள் தைப்பதுதான். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகக் கீழே இறங்கி அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கறுப்பு நூல் என்று நினைத்து, திரையின் கீழ் ஓரம் முழுக்க ஊதா நூலால் மடித்துத் தைத்திருந்தாள். பிரிக்கிறேன் என்று கத்தரியோடு உட்கார்ந்தவளை மற்ற இருவரும் விடவில்லை. அன்று மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படமானாலும், மாடல் வந்து உட்காருவதற்கு முன்னால் மனைவி திரைக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூலில் உட்காருவாள். அவள் முகத்தில் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்துத்தான் அவர் விளக்குகளை நிறுத்துவார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு." "சிலிண்டர் தீரப்போகுது, போன் போட்டீங்களா?" "போடறேன். தாடையைத் தூக்கு." "அக்காவுக்கு முட்டி வலியாம்." "எண்ணெய் வாங்கிட்டு வரேன். அசையாதே." இப்படித்தான் அவர்களுடைய குடும்பப் பேச்சு முக்கால்வாசி அந்த ஸ்டூலில் நடந்து முடிந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அங்கே வேறு பேச்சும் நடந்ததுண்டு, அது நமக்கு வேண்டாம்.

இதில் மண் விழுந்தது ஒரு லிப்ஸ்டிக் கம்பெனிக்காரரால். எடுத்து அனுப்பிய படங்களோடு நேரிலேயே வந்துவிட்டார் மனிதர்.

"என்ன சார், பொண்ணுங்க எல்லாம் குளிர்ல விறைச்ச மாதிரி இருக்காங்க. மூஞ்சி பூரா நீலம் பாஞ்சிருக்கே."

போட்டோக்காரர் படங்களைக் கையில் வாங்கி உற்று உற்றுப் பார்த்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சரியாக இருப்பதைத் தப்பு என்று ஒருவன் அடித்துச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் கட்டுவான்.

"அடிப்பூச்சுல கோளாறு சார். முன்ன மாதிரி இவளுக்கு நிறம் பிடிபடல. கை போச்சு" என்றார்.

அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். கழுவி முடித்து, துணியில் ஒற்றி, நிழலில் காயப் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். தனியாக வைத்து அவர் திட்டியிருந்தால் தேவலை. வந்தவனுக்கு முன்னால் 'கை போச்சு' என்ற அந்த இரண்டு வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. அதைவிடக் கொடுமை, அவள் அதை நம்பத் தொடங்கினாள். ஜன்னலோரம் நின்று இடது புறங்கையில் வண்ணங்களைக் குழைத்துக் குழைத்துப் பார்ப்பாள். புறங்கைதான் அவளுக்குத் தட்டு, அங்கே குழைத்துப் பார்த்த பிறகுதான் எதுவும் ஒருத்தியின் முகத்துக்குப் போகும். இது சரியா, கூடிப்போச்சா, நிஜமாகவே கை போய்விட்டதா? கேட்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த படத்துக்கு வழக்கம்போல ஸ்டூலுக்குப் போனபோது அங்கே மொட்டையம்மா உட்கார்ந்திருந்தது. அவர் அதன் மேல் வெளிச்சத்தைப் போட்டு அளந்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் மனசு விட்டுப்போனது.

ஊரின் மறுபக்கத்தில் இருந்த ஒரு பெரிய ஸ்டுடியோ அவளைப் பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை நாத்தனாரிடம் மட்டும் சொல்லி வைத்தாள்.

"கையில இருக்கற இந்த ஒரு வேலையை முடிச்சுக் குடுத்துட்டு அங்க வரேன்னு சொல்லப் போறேன் அண்ணி."

"அங்க போயிட்டா இங்க யாரு முகம் போடுவா?"

"கை போனவ இருந்தா என்ன, போனா என்ன."

"அவன் ஒரு கூறுகெட்டவன். நாக்குல நரம்பில்லாம சொல்லிட்டான். அதுக்காக இத்தனை வருஷத்தை மூட்டை கட்டிடுவியா?"

"வீட்டை விட்டா போறேன்? வேலைக்குத்தானே போறேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் வேலைய விட்டா வீடு ஏதும்மா" என்றாள் நாத்தனார்.

அந்தக் கடைசி வேலை, கண்ணுக்குத் தீட்டும் வண்ணப்பவுடர் விற்கிற ஒரு கம்பெனிக்கு. கடல்கன்னி மாதிரி ஒரு முகம் கேட்டிருந்தார்கள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த குடையோடு வந்து இறங்கினாள் மாடல் பெண். குனிந்துதான் எந்த வாசலிலும் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். நெட்டை என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

நெட்டையின் முகத்தைத் துடைத்து, அடிப்பூச்சு பூசி, மேக்கப்காரம்மா டப்பாவிலிருந்து ஒரு வலைத்துணியை எடுத்தாள்.

"அக்கா, இது வெங்காயம் வர பை இல்ல?"

"ஆமா. கடையில விக்கற வலையில கண்ணு ஒரே மாதிரி இருக்கும். மீன் செதில் என்ன அளந்து வெச்ச மாதிரியா இருக்கு? இதுதான் பாக்க நிஜமா இருக்கும். வாயைத் திறக்காதே."

"வாசனை அடிக்குமா?"

"மூணு தடவை சோப்புப் போட்டுத் துவைச்சிருக்கேன். வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்ல."

வலையை நெற்றிப் பொட்டிலிருந்து தாடை வரை இழுத்துக் கட்டி, பின்னால் கிளிப்பு மாட்டினாள். பஞ்சில் பவுடரைத் தொட்டு, புறங்கையில் ஒருமுறை தட்டிப் பார்த்து, வலையின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வலைக்கு அடியில் புகுந்து எல்லாம் கலங்கிவிடும். பொட்டோரம் கருத்த ஊதா, கீழே வரவர நீலம், மூக்கை நெருங்கும்போது வெள்ளை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வலையைத் தூக்கினாள். செதில் செதிலாகக் கன்னம் முழுக்கப் படிந்திருந்தது. ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் சன்னமாக வெள்ளி இழுத்தாள். கண்ணாடியில் பார்த்த நெட்டை கன்னத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். மேக்கப்காரம்மாவுக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. போகிற கை, நன்றாகவே போட்டுவிட்டுப் போகட்டும்.

நெட்டை திரைக்கு முன்னால் போய் நின்றாள். போட்டோக்காரர் கேமரா வழியாகப் பார்த்தார். கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். கிட்டே போனார், தள்ளி நின்றார்.

"மொட்டையம்மா, அந்தப் பொட்டோரம் எதுக்குக் கரியைப் பூசி வெச்சிருக்குன்னு கேளு. கம்பெனிக்காரன் கேட்டது ஊதா. இது என்ன, சட்டிக்கரி மாதிரி?"

அவளுக்குத் திக்கென்றது. போயே போச்சா நம் கை? நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். தன் புறங்கையைப் பார்த்தாள். ஊதா பளிச்சென்று இருந்தது.

நெட்டை உதடு அசையாமல் முணுமுணுத்தாள். "சார், இது ஊதாதானே?"

"நீ சும்மா இரும்மா. எனக்குத் தெரியாதா? என் கண்ணு என்ன இன்னைக்கு நேத்தா இந்த வேலை பாக்குது?"

மேக்கப்காரம்மா தலைகுனிந்துகொண்டாள். குனிந்த கண் நேராகத் திரையின் கீழ் ஓரத்தில் போய் விழுந்தது. கறுப்புத் துணியில் நாத்தனாரின் ஊதாத் தையல், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. கறுப்பு என்று நினைத்துத் தைத்த ஊதா. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்ல அவளுக்கு எல்லாம் விளங்கியது. நீலம் பாய்ந்த முகங்கள், அவர் கண்ணுக்கு மட்டும் சரியாக இருந்த படங்கள், கொஞ்ச நாளாக மாலையில் வண்டி எடுக்க மாட்டேன் என்று அவர் சாக்குச் சொன்னது.

கை போகவில்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அது வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. டீ கொண்டு வருகிறேன் என்று மொட்டையம்மாவிடம்கூடச் சொல்லாமல் மாடிக்கு ஏறினாள்.

நாத்தனார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கண்ணுல புரை வந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? பழைய பேப்பர் வழியாப் பாக்கற மாதிரி எல்லாம் மஞ்சளா இருக்கும். ஆனா மஞ்சளா இருக்குன்னு நமக்குத் தெரியாது, அதான் வேடிக்கை. நீலத்தையும் ஊதாவையும் சுத்தமா முழுங்கிடும். ஏன் கேக்கறே?" கேட்டுவிட்டு, கத்தியை அப்படியே வைத்தாள். "அவனுக்கா?"

"ஊதாவைக் கரிங்கறாரு."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க. அடப்பாவி, நம்ம அப்பாவுக்கும் இந்த வயசுலதான் வந்துச்சு." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். "அப்ப உன் மேல தப்பில்ல. இறங்கிப் போய் மூஞ்சிக்கு நேரா சொல்லு. உன்னை வந்தவன் முன்னாடி சொன்னான்ல, நீயும் அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லு."

"அவர் அப்படிச் சொன்னாருன்னு நானும் சொல்லணுமா அண்ணி? கேட்டப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. அந்த நெட்டையை மேல அனுப்பு. டீ குடுத்து உக்கார வெச்சுக்கறேன். ஸ்ட்ரா இருக்கு, உதடு கலையாது."

நெட்டை மேலே போனதும் மேக்கப்காரம்மா கீழறைக் கதவைச் சாத்தினாள். ஸ்டூலில் இருந்த மொட்டையம்மாவைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, தான் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளை அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க."

மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக விழுந்த முதல் வார்த்தை. அவர் கை கேமராவிலேயே நின்றுவிட்டது.

"இந்த அட்டையைப் பாத்து வெள்ளை எதுன்னு கேமராவையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க. நிறத்தை நீங்க கண்ணால திருத்த வேண்டாம்."

"அட்டை வெச்சு நான் என்னைக்கு எடுத்திருக்கேன்? என் கண்ணு..."

"உங்க கண்ணைத்தாங்க சொல்றேன்."

கோபித்துக்கொண்டு வெளியே போவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல வந்து எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார், மொட்டையம்மாவுக்குப் பக்கத்தில்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான். அப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

"ஊதா தெரியலன்னு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. ஆனா ஏதோ சரியில்லன்னு தெரியும். தெருவிளக்கைப் பாத்தா வெளிச்சம் பூராச் சிதறுது. கேமரா சொல்றதை நம்பித்தான் ஃபோகஸே பண்றேன். நிறத்துக்கு மட்டும் கண்ணை நம்பி, நீலத்தை ஏத்திட்டே போயிருக்கேன் போல."

"சொன்னா என்ன?"

"எப்படிச் சொல்றது? கண்ணு போச்சுன்னா நான் யாரு? போட்டோக்காரன்னு யாரு கூப்பிடுவா?"

"அதுக்காக என் கை மேல போட்டீங்களா?"

அவர் தலை நிமிரவில்லை. "அந்த ஆள் கேட்டதும் பயந்துட்டேன். வாயில வந்துடுச்சு. சொன்னப்பறம் உன் மூஞ்சியைப் பாக்கவே முடியல."

"அதான் பொம்மையை வெச்சீங்களா? நான் வேண்டாம்னு நினைச்சீங்கன்னுல்ல நினைச்சேன்."

"உன்னை உக்கார வெச்சுப் பாத்தா நீ மங்கலாத் தெரிஞ்சே. பொம்மை மங்கலாத் தெரிஞ்சா எனக்கென்ன. நீ அப்படித் தெரிஞ்சா..."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் கூடவே வந்தது. கோபத்தைத்தான் முதலில் வெளியே விட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. மூணு வாரமா நான் சோறு தின்னேனா, தூங்கினேனான்னு எனக்கே தெரியாது. ஜன்னல்ல நின்னு என் கையையே பாத்துட்டிருந்தேன். போச்சா இருக்கான்னு கேக்க எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? உங்ககிட்டயே கேக்க முடியாமப் பண்ணிட்டீங்க."

"தப்புதான்."

"நாளைக்கே கண்ணு டாக்டர்கிட்ட போறோம்."

"போலாம்."

"இன்னைக்கு நிறத்துக்கு என்னைக் கேளுங்க. நிழலுக்கு நான் உங்களைக் கேக்கறேன். இப்ப எந்திரிங்க, தாடையைத் தூக்கணுமா இறக்கணுமா?"

அவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் போனார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

"சிலிண்டர் தீந்துபோய் நாலு நாளாச்சு. அண்ணி மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல மல்லுக்கட்டறாங்க."

"சொல்லவே இல்லையே."

"மொட்டையம்மாகிட்டச் சொன்னேனே."

நெட்டை திரும்பி வந்தபோது அறையில் ஏதோ மாறியிருப்பது அவளுக்கும் தெரிந்தது. போட்டோக்காரர் அவளுக்கு எதிரில் போய் நின்று, பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பதைப் போலச் சொன்னார். "அம்மா, அது கரி இல்ல, ஊதாதான். நான் சொன்னது தப்பு. இவ கையில ஒரு குறையும் இல்ல." அன்று மாலையே லிப்ஸ்டிக் கம்பெனிக்காரருக்கும் போன் போட்டு அதையே சொன்னார். அந்த மனிதருக்குப் பாதி புரிந்ததோ இல்லையோ, கேட்க வேண்டியவள் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கண் டாக்டர் ஒரு கண்ணில் இப்போதும் மற்றதில் கொஞ்ச நாள் விட்டும் புரை எடுக்கலாம் என்றார். அறுவை முடிந்து, மறுநாள் கட்டைப் பிரிப்பதாக இருந்தது. கட்டுப் பிரிக்கும் நாள் காலை மேக்கப்காரம்மா பல்புக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். இதுவரை அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

எத்தனையோ பேருக்கு முகம் போட்ட கை, தன் முகத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது. கண்ணுக்குக் கீழே கருவளையம். காதோரம் நரை. அவர் இத்தனை நாள் பார்த்தது மஞ்சள் தடவிய ஒரு மங்கல் முகத்தை. இன்றைக்குப் பளிச்சென்று பார்க்கப் போகிறார். கன்னத்தில் கொஞ்சம் பூசிப் பார்த்தாள். யாரோ மாதிரி இருந்தது. துடைத்தெறிந்துவிட்டாள்.

"என்ன, பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள் வாசலில் நின்ற நாத்தனார்.

"பயமா இருக்கு அண்ணி."

"புரை எடுத்த அன்னைக்கு நானும் கண்ணாடியைப் பாத்துப் பயந்தவதான். அவன் மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்? கிளம்பு."

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேரும் வரை அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்தபடியே வந்தார். வந்ததும் நேரே கீழறைக்குப் போய், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மழை விட்டு வெளிச்சம் தெளிவாக இருந்தது.

"ஸ்டூல்ல உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பழக்கிக்கொண்டார். அவள் முகத்தைத்தான் பார்ப்பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது வேறு.

"உன் கையைக் காட்டு."

"மூஞ்சியைப் பாருங்க முதல்ல."

"அது அப்புறம். கை."

அவள் இடது கையை நீட்டினாள். அறுவைக்கு முந்தின நாள் ஒரு பத்திரிகை வேலைக்குக் குழைத்த வண்ணங்கள் புறங்கையில் முழுக்கப் போகாமல் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தன. அவர் அதை ஜன்னல் பக்கம் திருப்பி, கிட்டத்தில் கொண்டுபோனார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"இது நீலம்."

"ம்."

"இது அதுல வெள்ளை கலந்தது. இது ரோஸ். இது..." ஒரு இடத்தில் விரல் நின்றது. "இது ஊதா. ஊதாதானே?"

"ஊதாதான்."

"எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

மாடியில் போன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து நாத்தனார் படிக்கட்டிலிருந்து கத்தினாள். "அம்மாடி, அந்தப் பெரிய ஸ்டுடியோவுலேர்ந்து. எப்ப வரேன்னு கேக்கறாங்க."

அவர் கையை விடவில்லை. எந்த ஸ்டுடியோ என்று கேட்கவும் இல்லை. ஆனால் விரல்கள் கொஞ்சம் இறுகின.

"வரலைன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றாள் அவள்.

அவர் மறுபடி கையின் மேல் குனிந்தார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மங்கிய பழுப்பில் ஒரு திட்டு இருந்தது. "இது எதுல சேத்தது? இந்த நிறம் நான் பாத்ததே இல்லையே" என்று கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அப்போதும் போகவில்லை.

அவள் சிரித்தாள். "அது பவுடர் இல்லீங்க. வயசு."

"எப்ப வந்துச்சு?"

"நீங்க பாக்காதப்ப."

அவர் அந்தக் கையை அவள் மடியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு எழுந்து கேமராவை எடுத்து வந்தார்.

"அசையாதே" என்றார். "வெள்ளை அட்டையைப் பக்கத்துல வெச்சுக்கோ. ஒரு கண்ணுதான் சரியாயிருக்கு."